பதினைந்தாவது படி

தட்டில் ஒரு பிஸ்கட் மிஞ்சியிருந்தது.

அடுப்படியில் பிஸ்கட் மிஞ்சுவது பெரிய செய்தி இல்லை. ஆனால் இவை எண்ணிச் செய்தவை. கோதுமை மாவோடு நாட்டுச் சர்க்கரையும் சுக்குப் பொடியும் சேர்த்துப் பிசைந்து, அளவுகோல் வைத்து நறுக்கி, ஓவனில் பன்னிரண்டு நிமிடம் வைத்து எடுத்தவை. ஒவ்வொரு பிஸ்கட்டும் ஒரு படி. ஸ்ரீரங்கத்தில் மேலூர் ரோட்டை ஒட்டிய சந்தில் பிரான்சி கட்டி முடித்திருக்கிற வீட்டின் மாடிப்படிகள். கீழே ஏழு, படி திரும்புகிற இடத்தில் அகலமாக ஒன்று, அதற்கு மேல் ஏழு. ஆகப் பதினைந்து. பதினைந்தும் வெந்து, ஆறி, ஒடியாமல் கைக்கு வந்தன. நோட்டில் இருந்த படத்தைப் பார்த்து ஒவ்வொன்றாகக் கேக்கின் விலாவில் ஒட்டிக்கொண்டு வந்தாள். படம் முடிந்துவிட்டது. பிஸ்கட் முடியவில்லை.

புத்தூர் வீட்டின் சின்ன அடுப்படியில், புதன்கிழமை மத்தியானம், பிரான்சி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அந்த ஒற்றைப் பிஸ்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீடு கட்டி முடித்தால் அந்த வீட்டுக்கு ஒரு கேக் செய்துகொண்டு போவது அவள் பழக்கம். தில்லை நகரில் ஒரு பெரிய கட்டட நிறுவனத்தில் ஒன்பது வருஷம் வரைபடம் போட்டுக்கொண்டிருந்த காலத்திலேயே அது தொடங்கிவிட்டது. வீட்டையே கேக்காகச் செய்ய மாட்டாள், அது பொம்மை. அந்த வீட்டில் அவளுக்குப் பிடித்த ஏதோ ஒன்று மட்டும் கேக்கின் மேல் ஏறும். ஒரு வீட்டுக்கு ஜன்னல் கம்பியில் இருந்த பாதிச் சூரியன். இன்னொரு வீட்டுக்கு மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரின் மூலை வளைவு. ஒரு டாக்டர் வீட்டுக்குக் கதவுத் தாழ்ப்பாள். அந்த டாக்டர் கேக்கைப் பார்த்து நெடுநேரம் யோசித்தார். “எங்க வீட்டுத் தாழ்ப்பா இவ்வளவு அழகாவா இருக்கு?” என்று எழுந்துபோய்த் தாழ்ப்பாளைப் பார்த்துவிட்டு வந்தார். பிரான்சிக்கு அது போதும். தினமும் தொடுகிற ஒன்றை மனிதர்கள் முப்பது வருஷம் பார்க்காமலே இருந்துவிட முடிகிறது என்பது அவளுக்குத் தீராத ஆச்சரியம்.

அதில் அவளுக்குக் கறாரான விதி ஒன்று உண்டு. வரைபடத்தைப் பார்த்துக் கேக் செய்யக் கூடாது. வீட்டைப் பார்த்துத்தான் செய்ய வேண்டும். கடைசி வாரத்தில் ஒரு காலை அங்கே போய், யாரோடும் பேசாமல் அரை மணி நேரம் உட்கார்ந்து, கண்ணில் படுவதை அப்படியே வரைந்துகொண்டு வருவாள். வரையும்போது எண்ணிக்கை ஓடாது. கண் போகிற இடத்துக்குப் பென்சில் போகும், அவ்வளவுதான். இன்று காலையும் அப்படித்தான், போர்ட்டிகோ தூணில் சாய்ந்து உட்கார்ந்து மாடிப்படியை வரைந்தாள். வீட்டுக்கு வந்து மாவைப் பிசைந்தபோது, நோட்டைத் திறக்கச் சோம்பல்பட்டு, மனதில் இருந்த பதினைந்தை நம்பி நறுக்கினாள்.

நோட்டைத் திருப்பினாள். கீழ் வரிசையில் ஆறு படிகள் இருந்தன. ஏழு இல்லை. மறுபடி பார்த்தாள். ஆறுதான்.

“என்னடி, கேக்குக்கு முன்னாடி உக்காந்து தியானமா?” அம்மா லூர்துராணி டீ டம்ளரோடு உள்ளே வந்தாள். மகள் பேசாமல் இருப்பது அவளுக்குப் பழகிப்போன ஒன்று. இருந்தாலும் கேட்காமல் விடுவதில்லை.

“ஒரு படி குறையுதும்மா.”

“எந்தப் படி?”

“ஜோதிக்கா வீட்டு மாடிப்படி. பதினஞ்சு இருக்கணும். பதினாலுதான் இருக்கு.”

“குறைஞ்சா நல்லதுதானே? முழங்காலுக்கு இதம்.” லூர்துராணி தட்டில் இருந்த பிஸ்கட்டை எடுத்து டீயில் நனைத்து வாயில் போட்டுக்கொண்டாள். “சுக்கு கொஞ்சம் தூக்கலா இருக்கு. ஆனா நல்லா இருக்கு.”

பிரான்சி எழுந்து, கேக்கை வலை மூடியால் மூடிவிட்டு, வண்டிச் சாவியை எடுத்தாள்.

ஒரு படியில் என்ன இருக்கிறது என்று கேட்டால், ஜோதியிடம் கேட்க வேண்டும். மணப்பாறையில் முறுக்குப் போட்டுப் பெயர் வாங்கி, இப்போது திருச்சிக் கடைகளுக்கெல்லாம் சரக்குக் கொடுக்கிறவள் ஜோதி. வயது நாற்பத்தெட்டு. கணவர் சிவசங்கருக்குப் பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை. வரைபடத்தை முதல்முறை விரித்துக் காட்டிய அன்று, சிவசங்கர் ஹால் எத்தனை அடி, கார் நிற்குமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஜோதி எதையும் பார்க்கவில்லை. மாடிப்படி இருந்த இடத்தில் ஆள்காட்டி விரலை வைத்து, “லாபம், நஷ்டம், லாபம், நஷ்டம்…” என்று ஒவ்வொரு கோடாக ஏறிக்கொண்டு போனாள். கடைசிக் கோட்டில் “லாபம்” என்று விரல் நின்றதும்தான் நிமிர்ந்தாள்.

“என்ஜினியரம்மா, கிச்சன் சின்னதா இருந்தாலும் பரவாயில்ல, நான் சமாளிச்சுப்பேன். படி மட்டும் லாபத்துல முடியணும். பதினெட்டு வருஷம் வாடக வீடு. எந்த வீட்டுல எண்ணினாலும் நஷ்டத்துலதான் போய் நிக்கும். அப்படியே ஏறி, அப்படியே எறங்கி வாழ்ந்தாச்சு. சொந்த வீட்டுலயும் அப்படி ஏற என்னால ஆவாது.”

“பதினஞ்சு போட்டிருக்கேன்க்கா. லாபம்தான்.”

“எண்ணறதுல ஏமாத்து வேலையெல்லாம் இருக்கு. கீழ இருக்கற தரைய எண்ணக் கூடாது, மேல மாடித் தளத்த எண்ணக் கூடாது. ஏறுறதுக்குக் காலு வைக்கிற படி மட்டும்தான் கணக்கு. அப்பறம் இன்னொண்ணு, நான் இப்ப ஏறிப் பாக்க மாட்டேன். பால் காய்ச்சுற அன்னிக்குத்தான் மொத மொத ஏறுவேன்.”

சொன்னபடியே இருந்தாள். கான்கிரீட் போட்ட அன்றும் ஏறவில்லை, கிரானைட் ஒட்டிய அன்றும் ஏறவில்லை. தீபாவளிச் சரக்கு வேலையில் இரண்டு மாதமாக அந்தப் பக்கமே வரவில்லை. பிரான்சி தன் சொந்தப் பெயரில் பலகை மாட்டிக் கட்டிக் கொடுக்கிற முதல் வீடு இது. நாளை மறுநாள், வெள்ளிக்கிழமை காலை, கிரகப்பிரவேசம். ஜோதி முதல்முறையாக ஏறப்போகிற அந்தப் படி நஷ்டத்தில் முடிகிறது.

காவிரிப் பாலத்தில் வண்டி போய்க்கொண்டிருக்கும்போதே பிரான்சிக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஜூலை மாதம். பக்கத்து வீட்டுப் பிள்ளை சர்ச்சில் முதல்முறை நற்கருணை வாங்குகிற புதுநன்மை விழாவுக்குக் கேக் ஓவனில் உப்பிக்கொண்டிருந்தது. கண்ணாடிக் கதவுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, அது நடுவில் வெடிக்குமா வெடிக்காதா என்று பார்த்துக்கொண்டிருந்தபோது, ஒப்பந்தக்காரர் ஸ்டீபன்ராஜ் போன் செய்தார். சந்தில் ரோட்டை உயர்த்திப் போட்டுவிட்டார்கள், மழை பெய்தால் தண்ணீர் போர்ட்டிகோவுக்குள் வரும், தரையை ஏற்றிவிடலாமா என்று கேட்டார். “ஏத்திடுங்கண்ணே” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். கேக் வெடிக்கவில்லை. அவளுக்கு அன்று பெரிய திருப்தி.

ஜோதியின் வீட்டுக்குப் போனதும் செருப்பைக் கழற்றாமலே படியடியில் உட்கார்ந்து விரலால் தரையைத் தடவிப் பார்த்தாள். ஏற்றிய உயரம் டைல்ஸோடு சேர்த்து ஆறரை அங்குலம். ஒரு படியின் உயரமும் ஆறரை அங்குலம். முதல் படி தரைக்குள் போய்விட்டது. அதுவும் இம்மி பிசகாமல், அங்கே ஒரு படி இருந்த சுவடே இல்லாமல், தரையோடு தரையாகச் சமமாகியிருந்தது. வேலை சுத்தம் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஸ்டீபன்ராஜ் பின்னால் வந்து நின்றார். பெயிண்ட் கறையோடு ஒரு துண்டு தோளில் கிடந்தது. விஷயத்தைக் கேட்டதும் அவரும் எண்ணினார். பிறகு மறுபடி எண்ணினார்.

“அட ஆமா மேடம்.”

“உங்களுக்குத் தோணவே இல்லையாண்ணே?”

“எங்க வீட்டுல எத்தன படின்னே எனக்குத் தெரியாது. நீங்களும் நம்மள மாதிரி மாதா கோயில்தானே, லாப நஷ்டமெல்லாம் எண்ணுறதில்ல, உங்களுக்கும் தோணல பாருங்க.” தலையைச் சொறிந்தார். “ஒண்ணு பண்ணலாம். மேல மாடித் தளத்தையும் ஒரு படின்னு எண்ணிட்டா பதினஞ்சு வந்துடும். பாதிப் பேரு அப்படித்தான் எண்ணுறாங்க.”

“ஜோதிக்கா எண்ண மாட்டாங்க.”

“அப்ப இங்க டைல்ஸ ஒடைச்சுப் பள்ளம் எடுத்து, பழைய படிய வெளிய கொண்டாந்துடவா?”

“மாடிக்கு ஏறுறதுக்கு முன்னாடி ஒரு குழில எறங்கணுமா? மழைக்கு அதுல மீன் வளக்கலாம்.”

ஸ்டீபன்ராஜ் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, குரலைத் தாழ்த்தி, “நாம பேசாம இருந்துட்டா என்ன மேடம்? அன்னிக்கு இருக்கற கூட்டத்துல யாரு எண்ணப் போறா?” என்றார்.

பிரான்சி படியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்டீபன்ராஜ் சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு, மேடம் இப்போதைக்குப் பேச மாட்டார்கள் என்று தெரிந்து, பெயிண்டர்களைப் பார்க்கப் போனார்.

அவள் படிக்கு எதிரே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். எங்கோ கடைசி வீட்டில் குக்கர் விசில் அடித்தது. படியை இப்போது அவள் வேறு மாதிரி பார்த்தாள். ஏதோ ஒன்று காலையிலேயே உறுத்தியது, வரைவதில் அதைக் கவனிக்காமல் விட்டிருந்தாள். முதல் படி புதைந்துபோனதால் மாடிப்படி தரையில் வந்து இறங்கவில்லை. தரையில் பட்டென்று குத்திக்கொண்டு நின்றது. கேக்கை அடிப்பலகை இல்லாமல் வெறும் மேசையில் வைத்தால் இப்படித்தான் இருக்கும். எவ்வளவு நல்ல கேக்காக இருந்தாலும் அநாதையாக நிற்கும். சுற்றிலும் இரண்டு விரல் அகலம் பலகை தெரிந்தால்தான் கண் கேக்குக்குள் போக வழி கிடைக்கும்.

அப்படியென்றால் இதற்கு ஒரு பலகை வேண்டும். தரையில் பதித்த, அரைவட்டமான ஒரு கல். ஒரு படியின் உயரத்தில் பாதி. காலை வைத்தால் ஒரு படி. நின்றால் செருப்பைக் கழற்ற இடம். உட்கார்ந்தால் ஒரு மணை. உயரம் குறைவான படி காலை ஏமாற்றும் என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் அது குறுகலாக இருந்தால்தான். அகலமாக இருந்தால் கால் ஒரு நொடி நின்றுவிட்டுத்தான் அடுத்ததுக்குப் போகும்.

சரியான விடைதான். கணக்குக்கும் சரி, கண்ணுக்கும் சரி. முதலிலிருந்தே இது இங்கே இருந்திருக்க வேண்டும் என்றே அவளுக்குத் தோன்றியது.

அதில்தான் சிக்கலும் வந்தது. நாளைக்குக் கல்லைப் பதித்துவிட்டு, “உங்களுக்காகக் கடைசியா ஒண்ணு பண்ணேன்க்கா” என்று சொன்னால் போதும். ஜோதி கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்குவாள். யாருக்கும் எதுவும் தெரியப் போவதில்லை. ஒரு வார்த்தைகூடப் பொய் சொல்ல வேண்டியதில்லை. பேசாமல் இருந்தால் போதும். பேசாமல் இருப்பது பிரான்சிக்கு உலகத்திலேயே எளிதான காரியம். மணிக்கணக்கில் இருப்பாள். அந்த மௌனத்தில் அவளுக்கு ஒரு கர்வமும் உண்டு. தன்னிடம் இருக்கிற நல்ல பொருள் அதுதான் என்று நினைத்திருந்தாள். அது திருட்டுப் பொருளை மறைக்கவும் தோதாக இருக்கும் என்று இப்போதுதான் தெரிந்தது.

ஜோதிக்குப் போன் செய்தாள்.

ஐந்து மணிக்கு இருவரும் வந்தார்கள். திருவானைக்காவல் வாடகை வீட்டில் பாதிச் சாமானைக் கட்டிப்போட்டுவிட்டு வந்திருந்தார்கள். ஜோதியின் முழங்கை வரைக்கும் அட்டைப்பெட்டித் தூசி. “என்ன என்ஜினியரம்மா, தண்ணி மோட்டார் போச்சா? இந்தாளு கத வேற, பஞ்சாங்கத்தப் பாத்துட்டு மழ வரும்ங்கறாரு” என்று சொல்லிக்கொண்டே வண்டியிலிருந்து இறங்கினாள்.

பிரான்சி சுற்றி வளைக்கவில்லை. “அக்கா, படி பதினாலுதான் இருக்கு. தரைய ஏத்தினப்ப ஒண்ணு உள்ள போயிடுச்சு. ஏத்தச் சொன்னது நான். போன்லயே சொல்லிட்டேன், வந்து பாக்கல. தப்பு என்னோடது.”

ஜோதி படியைப் பார்த்தாள். ஏறவில்லை. நின்ற இடத்திலிருந்தே விரலை நீட்டி, உதடு அசைய, கீழிருந்து மேலே எண்ணிக்கொண்டு போனாள். கடைசிப் படியில் விரல் நின்றது. கையைக் கீழே போட்டாள்.

“நஷ்டம்” என்றாள்.

சிவசங்கருக்கு முகம் சிவந்துவிட்டது. “என்னங்க மேடம் இது? பத்திரிக அடிச்சு ஊரெல்லாம் குடுத்தாச்சு. மணப்பாறையிலேந்து வேன் வெச்சு வராங்க. அவ கேட்டது ஒண்ணே ஒண்ணு. நான் நாப்பது கேட்டேன், அதெல்லாம் செஞ்சிருக்கீங்க…”

“இருங்க” என்றாள் ஜோதி கணவரிடம். பிரான்சியைப் பார்த்துத் திரும்பினாள். குரலில் கோபம் இல்லை. அதைவிட மோசமாக, ஒரு சோர்வு இருந்தது. “ஏன் என்கிட்ட சொன்னீங்க?”

பிரான்சி இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை.

“சொல்லாம இருந்திருந்தா, லாபம் லாபம்னு நெனச்சுக்கிட்டே ஏறியிருப்பேன். கூட்டத்துல எண்ணிக்கையத் தவற விட்டிருப்பேன். இல்லாட்டி வேற ஏதாவது பண்ணி என்னை ஏமாத்தியிருக்கலாம். இப்ப பாருங்க, தெரிஞ்சு போச்சு. தெரிஞ்சத எப்படித் தெரியாததாக்கறது?”

பெயிண்டர்கள் உள்ளே ஏணியை இழுக்கும் சத்தம் கேட்டது.

“ஏறப் போறது நீங்கக்கா” என்றாள் பிரான்சி. “தெனம் நீங்க எண்ணி ஏறும்போது, அதுல என்ன இருக்குன்னு எனக்கு மட்டும் தெரிஞ்சிருக்கறது சரியாப் படல. சரி பண்ண வழி இருக்கு. ஆனா அத முதல்லயே காட்டியிருந்தா, அது வழி இல்ல, மூடி. அதனாலதான் தப்ப மொதல்ல சொன்னேன்.”

“என்ன வழி?”

பிரான்சி பெயிண்டர்கள் விரித்திருந்த பழைய நாளிதழ்களில் பெரிய தாள்கள் நாலைந்தை எடுத்து ஒட்டுநாடாவால் இணைத்தாள். பாதியாக மடித்தாள், மறுபடி பாதி, பிறகு முனையிலிருந்து விசிறி மாதிரி மறுபடி மறுபடி. கத்திரியால் வெளிப்பக்கத்தை ஒரே வெட்டு. கேக் டின்னுக்குள் போடும் எண்ணெய்த் தாளை இப்படித்தான் அவள் வட்டமாக வெட்டுவாள். விரித்து, நடுவில் இரண்டாகக் கிழித்து, ஒரு பாதியைப் படியடியில் பொருத்தி வைத்தாள். தரையில் ஒரு அரைநிலா கிடந்தது.

“இந்த அளவுக்கு ஒரு கல்லு. மூணு இஞ்ச் கனம். இது மொதப் படி. இது வந்தா பதினஞ்சு.”

“ஒட்டுப் போட்ட துணி மாதிரி இல்ல?” என்றார் சிவசங்கர்.

“நின்னு பாருங்க சார்.”

அவர் செருப்பைக் கழற்றிவிட்டுத் தாளின் மேல் ஏறி நின்றார். பிறகு என்ன நினைத்தாரோ, படியில் உட்கார்ந்து, தாளின் மேல் காலை நீட்டிக்கொண்டார். “ஷூ மாட்டறதுக்கு நல்லாத்தான் இருக்கும்” என்று முனகினார்.

ஜோதி தாளைச் சுற்றி நடந்தாள். ஒரு பக்கம் குனிந்து பார்த்தாள், இன்னொரு பக்கம் போய்ப் பார்த்தாள். முறுக்குச் சட்டியைப் பார்ப்பதுபோலவே பார்த்தாள்.

“சின்னதா இருக்கு” என்றாள்.

“எவ்வளவு வேணும்?”

“ரெண்டு பேரு பக்கத்துல பக்கத்துல உக்காரணும். இது ஒத்தையாளுக்குப் போட்ட எல மாதிரி இருக்கு.”

பிரான்சி இன்னும் தாள் சேர்த்து, ஒரு சாண் கூட்டி வெட்டினாள். விரித்துப் போட்டபோது அவளுக்கே தெரிந்தது. முதல் அளவு சரியாக இருந்தது; இதுதான் அழகாக இருந்தது. வளைவு இப்போது தூணின் அடி வரைக்கும் போய் மெதுவாகத் தரையில் கரைந்தது. ஜோதியின் கண் அந்த வளைவோடு ஒருமுறை போய்த் திரும்பி வந்ததைப் பிரான்சி பார்த்தாள்.

“எங்க முறுக்க ரெண்டு தடவ எண்ணெயில போடுவோம்” என்றாள் ஜோதி, யாரையும் பார்க்காமல். “மொதத் தடவ எடுக்கும்போது வெந்த மாதிரிதான் இருக்கும். தெரியாதவங்க அதையே பாக்கெட்டு போட்டுடுவாங்க. ரெண்டாவது எண்ணெயப் பாத்தாத்தான் அது மணப்பாற முறுக்கு.” நிமிர்ந்தாள். “நாளைக்குக் கல்லு வரட்டும். ஆனா நான்தான் வைப்பேன். நீங்க வெச்சா நீங்க செஞ்ச தப்ப நீங்க மூடுன மாதிரி. நான் வெச்சா அது என் படி.”

“நூறு கிலோவுக்கு மேல வரும்க்கா.”

“இவரு எதுக்கு இருக்காரு?”

வியாழக்கிழமை காலை, அரியமங்கலத்தில் கல் அறுக்கும் பட்டறையில் பிரான்சி பக்கத்திலேயே நின்றாள். சாம்பல் நிறக் கிரானைட். பட்டறைக்காரர் மேல்பக்கத்தைக் கண்ணாடியாகப் பாலிஷ் போடட்டுமா என்றார். வேண்டாம் என்றாள். ஈரக் காலோடு யாராவது ஏறுவார்கள், வழுக்கக் கூடாது. வெறும் காலுக்குக் கல் கல்லாகத் தெரிய வேண்டும். விளிம்பை மட்டும் உருட்டச் சொன்னாள். எவ்வளவு உருட்டல் என்று பட்டறைக்காரருக்குப் புரியவில்லை. தன் கட்டைவிரல் நுனியைக் காட்டினாள். அவர் அந்த விரலைப் பார்த்து, கல்லைப் பார்த்து, “நாப்பது வருசத்துல வெரலக் காட்டி அளவு சொன்னது நீங்கதாம்மா” என்று சொல்லிக்கொண்டே செய்தார். சரியாகச் செய்தார்.

மத்தியானம் கல் வந்தது. ஸ்டீபன்ராஜும் மூன்று ஆட்களும் சிவசங்கரும் பிடித்துத் தூக்க, ஜோதி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் ஒரு கை கொடுத்தாள். கல் ஒட்டும் பேஸ்ட் பரப்பிய இடத்தில் கல் இறங்கும்போது, “மெள்ள, மெள்ள, என்னோட வெரலு” என்று கத்தினாள். கல் உட்கார்ந்தது. ரசமட்டத்தை வைத்து ஸ்டீபன்ராஜ் பார்த்தார். குமிழி நடுவில் நின்றது. ஜோதி உள்ளங்கையால் கல்லின் விளிம்பை ஒருமுறை வழித்துவிட்டாள், மாவு வழிக்கிற மாதிரி. பிறகு கை கழுவப் போனாள். பிரான்சிக்கு அவள் மனதில் என்ன ஓடுகிறது என்று தெரியவில்லை.

அன்று சாயங்காலம் பிரான்சி வீட்டுக்குப் போய் இன்னொரு கேக் செய்தாள். முதல் கேக்கை லூர்துராணி தெருவுக்குப் பங்கு வைத்துவிட்டாள். முட்டை போடாமல், தயிர் ஊற்றி, நன்றாகப் பழுத்த பூவன் பழத்தை மசித்துச் சேர்த்த கேக். ஏலக்காய் மட்டும் வாசனைக்கு. அதன் விலாவில் இந்த முறை படிகளோடு அரைநிலாவும் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணிக்கெல்லாம் சந்து நிறைந்துவிட்டது. மணப்பாறை வேன் வந்து இருபது பேர் இறங்கினார்கள். பால் பொங்கியது. சாம்பிராணிப் புகை கலைவதற்குள் யாரோ, “ஜோதி, மாடிய காட்டு” என்றார்கள். கூட்டம் போர்ட்டிகோவுக்கு நகர்ந்தது.

ஜோதி கல்லின் முன்னால் வந்து நின்றாள். பட்டுப்புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். பிரான்சி தூணுக்குப் பக்கத்தில் கேக் பெட்டியோடு நின்றாள். பெட்டியின் நூலை விரலில் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்ததை அவள் கவனிக்கவில்லை.

“லாபம்” என்று உரக்கச் சொல்லி ஜோதி கல்லில் காலை வைத்தாள்.

“அண்ணி, இரு” என்றாள் சிவசங்கரின் தங்கை. எதையும் சும்மா விடாதவள். “அது என்ன? அது படியா, மணையா? தரையில கெடக்கற கல்லையெல்லாம் எண்ணலாமா?”

கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. எண்ணலாம் என்றார் ஒரு பெரியவர். தரையோடு ஒட்டினது தரைதான் என்றார் இன்னொருவர். மாடித் தளத்தைச் சேர்த்து எண்ணினால் சண்டையே இல்லையே என்று ஒரு குரல் வந்தது. ஸ்டீபன்ராஜ் பின்னாலிருந்து பலமாகத் தலையாட்டினார்.

“படிதான்” என்றாள் ஜோதி. கல்லின் மேல் நின்றபடியே எல்லாரையும் பார்த்தாள். “நான் சொல்றேன், கேட்டுக்கங்க. இங்க ஏழு படி இருந்துச்சு. இந்தம்மா தரைய ஏத்தி ஒண்ணப் புதைச்சுடுச்சு.” தூணுக்குப் பக்கத்தில் கையைக் காட்டினாள். இருபது முப்பது முகங்கள் பிரான்சியின் பக்கம் திரும்பின. “யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. அதுவே கணக்குப் பாத்து, அதுவே கூப்புட்டு, ‘தப்பு என்னோடது’ன்னு சொல்லுச்சு. எனக்கு அன்னிக்கு அவ்வளவு கோவம். ராத்திரி சோறு எறங்கல. அப்பறம் நேத்து இந்தக் கல்ல என் கையால வெச்சேன். நான் வெச்சது படியா, மணையான்னு நான்தான் சொல்லணும்.”

பிரான்சி அசையாமல் நின்றாள். முகம் சுட்டது. ஆனால் தலை குனியவில்லை. குனிய வேண்டியதும் இல்லை என்று பட்டது. அவர்கள் பார்க்கட்டும். தாழ்ப்பாளைப் பார்க்கிற மாதிரி, ஜன்னல் கம்பியைப் பார்க்கிற மாதிரி, இருக்கிறதை இருக்கிறபடி பார்த்துவிட்டுப் போகட்டும்.

“அடியாத்தீ, சொந்தத் தப்ப ஊரக் கூட்டி ஒத்துக்கற என்ஜினியரா?” என்றாள் நாத்தனார்.

“ஊரக் கூட்டுனது நான்தான். அது ஒத்தையிலதான் சொல்லுச்சு. நஷ்டம்!” ஜோதி அடுத்த படிக்கு ஏறினாள். “லாபம்!”

பிள்ளைகள் பின்னால் ஏறிக்கொண்டு கூடவே கத்தின. லாபம், நஷ்டம், லாபம். திரும்புகிற இடத்தில் ஜோதிக்கு மூச்சு வாங்கியது. நிற்காமல் திரும்பி மேலே போனாள். கடைசிப் படியில் அவள் சொன்ன “லாபம்” கீழே இருந்தவர்களுக்குக் கேட்கவில்லை, பிள்ளைகளின் கூச்சல் அதை முழுங்கிவிட்டது. ஆனால் அவள் மேலே நின்று திரும்பிப் பார்த்த முகம் எல்லாருக்கும் தெரிந்தது.

கேக்கை அந்தக் கல்லின் மேலேயே வைத்து வெட்டினார்கள். முட்டை இருக்கா, முட்டை இருக்கா என்று ஆளுக்கு ஒருமுறை கேட்டு, இல்லை என்று தெரிந்து, இரண்டு துண்டாக எடுத்துக்கொண்டார்கள்.

ஜோதியின் அண்ணன் காத்தமுத்து தன் பங்கைக் கையில் வைத்துக்கொண்டு பிரான்சியிடம் வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிய, கனமான மனிதர். கேக்கைச் சாப்பிடாமல் படியையும் கல்லையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மணப்பாறையில பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி எனக்கு ஒரு மனை கெடக்கு. வீடு கட்டணும்.”

“சொல்லுங்கண்ணே.”

“அதுலயும் தப்பு பண்ணுவீங்களா?”

“பண்ணினாலும் பண்ணுவேன்.”

“வந்து சொல்வீங்களா?”

“சொல்வேன். ஆனா தரைய ஏத்தட்டுமான்னு யாரும் எனக்குப் போன் பண்ணக் கூடாது. நான் வந்து நின்னு பாத்துத்தான் பதில் சொல்வேன். வர ஒரு நாள் ஆகும், ரெண்டு நாள் ஆகும், வேலை நிக்கும். அதுக்கு நீங்க திட்டக் கூடாது.”

காத்தமுத்து யோசித்தார். கேக்கை ஒரு கடி கடித்தார். மெல்லும்போது முகத்தில் ஏதோ தெளிந்தது.

“திட்டுவேன்” என்றார். “ஆனா வேலைய நிறுத்தி வெப்பேன். வேன் பதினோரு மணிக்குக் கெளம்புது. இடம் இருக்கு. வந்து மனையப் பாக்குறீங்களா?”

பிரான்சி வண்டிச் சாவியை ஸ்டீபன்ராஜிடம் கொடுத்துவிட்டு, பையில் நோட்டும் பென்சிலும் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு வேனில் ஏறினாள்.